முகம் வெளுக்கும் கிரீமும் நமது மௌனமும்



காசு கொடுத்துத் தங்கள் தோலைக் கறுக்க வைத்துக்கொள்ளும் பெண்கள் இந்த உலகத்தில் இருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? நம்பத்தான் வேண்டும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வெள்ளைத் தோலோடு பிறந்த இளம் பெண்கள், அதற்கென்று உள்ள நிலையங்களுக்குப் போகிறார்கள். அங்கே மூடியோடு கூடிய ஒரு பெட்டிக் கட்டில் இருக்கும். அதற்குள் கண்களை மறைத்துக்கொண்டு படுத்தால், மேலும் கீழும் நீண்ட குழல் விளக்குகள் எரியும். வெயிலில் இருக்கும் அதே புற ஊதாக் கதிர் அந்த விளக்குகளிலிருந்து வரும். பத்துப் பதினைந்து நிமிடம் படுத்து எழுந்தால், சில நாட்களில் மேனி தவிட்டு நிறமாகிவிடும். கடற்கரையில் விடுமுறையைக் கழித்துவிட்டு வந்த பணக்காரப் பெண்ணின் நிறம் அது. அந்த நிறத்துக்கு அங்கே மதிப்பு.

அந்தக் கட்டில்கள் அழகை மட்டும் கொடுக்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2009ஆம் ஆண்டில் அவற்றைப் புற்றுநோயை உண்டாக்கும் பொருட்களின் முதலாவது வகுப்பில் சேர்த்தது. சிகரெட் புகை இருப்பதும் அதே வகுப்பில்தான். 30 வயதுக்கு முன்பே அந்தக் கட்டிலில் படுக்கத் தொடங்கியவருக்கு மெலனோமா எனும் கொடிய தோல் புற்றுநோய் வரும் ஆபத்து 75 வீதம் கூடுகிறது என்றும் அந்த முகவரகம் சொன்னது. அதே வருடம் பிரேசில் நாடு அவற்றைத் தடை செய்தது.

அவுஸ்திரேலியாவிலும் பின்னர் தடை வந்தது. அதற்கு முன்னே ஒரு பெண்ணின் கதை இருக்கிறது. மெல்பேர்ன் நகரைச் சேர்ந்த கிளேர் ஒலிவர் என்ற யுவதிக்கு மெலனோமா வந்தது. தான் அந்தக் கட்டிலில் படுத்ததை அவர் மறைக்கவில்லை. நோய் முற்றிய நிலையிலும் பத்திரிகைகளுக்கும் தொலைக்காட்சிக்கும் பேசினார். என்னைப் பார்த்தாவது மற்றப் பிள்ளைகள் விலகிக்கொள்ளட்டும் என்பதே அவருடைய பேச்சின் சாரம். 2007 செப்டெம்பரில், 26ஆவது வயதில், அவர் இறந்தார். அதன் பிறகுதான் அங்கே சட்டங்கள் ஒவ்வொன்றாக இறுகின. 2015 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து பெரும்பாலான மாநிலங்களில் அந்த வியாபாரமே தடை செய்யப்பட்டது. மேற்கு அவுஸ்திரேலியா மறு வருடம் சேர்ந்துகொண்டது.

கண்டியில் இருந்துகொண்டு இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்று நீங்கள் கேட்கலாம். நமது ஊரில் தோலைக் கறுப்பாக்க யாரும் காசு கொடுப்பதில்லை. நமது பிள்ளைகள் காசு கொடுப்பது வெளுப்பதற்கு. அங்கே வெள்ளைத் தோல் போதாது என்று சொல்லி விற்கிறார்கள். இங்கே மாநிறம் போதாது என்று சொல்லி விற்கிறார்கள். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே பாதிக்கப்பட்ட பெண் வாய் திறந்து பேசினார். இங்கே நாம் பேசுவதில்லை. அந்த மௌனத்தைப் பற்றித்தான் உங்களோடு கொஞ்சம் பேச வேண்டும்.

ஒரு கலியாணப் பிள்ளையின் கதை

என் சாச்சியின் மகளுக்குச் சில காலத்துக்கு முன் கலியாணம் பேசி முடிந்தது. அகுறணைப் பக்கம் வீடு. பிள்ளை முன்பள்ளி ஆசிரியை. பெயர் வேண்டாம், அவளுடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெண் பார்க்க வந்தவர்கள் நல்ல மனிதர்கள். ஆனாலும் போகும்போது மாப்பிள்ளையின் மாமி ஒருவர், சாச்சியின் காதில் மெல்ல, “பிள்ளைக்கு எல்லாம் சரி, நிறந்தான் கொஞ்சம் குறைவு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சொன்னவர் வாசல்படி தாண்டும் முன்பே அதை மறந்திருப்பார். ஆனால் அந்த வீட்டில் அந்த வார்த்தை தங்கிவிட்டது.

அடுத்த கிழமை பிள்ளை கண்டி டவுனுக்குப் போய், ஒரு பென்சிக் கடையில் சின்ன டப்பா ஒன்று வாங்கினாள். அழகான தங்க நிற மூடி. ஒரு வெளிநாட்டுப் பெண்ணின் படம். இரவில் பூசிப் படுத்தால் பதினைந்து நாளில் பலன் என்று எழுதியிருந்தது. சொன்னபடியே பலன் கிடைத்தது! இரண்டு கிழமையில் முகம் பளிச்சென்று ஆனது. வந்தவர் போனவரெல்லாம், “கலியாணக் களை வந்துவிட்டது” என்றார்கள். பிள்ளை இரண்டாவது டப்பாவும் வாங்கினாள், மூன்றாவதும் வாங்கினாள்.

மூன்றாம் மாதத்தில் காலையில் எழும்பும்போது கண் இமைகள் வீங்கியிருந்தன. பிறகு கால் வீங்கியது, செருப்பு இறுகியது. சிறுநீர் சவர்க்காரத் தண்ணீர் போல நுரைத்தது. கலியாண வேலையில் தூக்கமில்லை, அதுதான் என்று வீட்டில் சமாதானம் சொன்னார்கள். ஒரு நாள் முகமே அடையாளம் தெரியாமல் வீங்கியபோதுதான் வைத்தியசாலைக்குக் கொண்டு போனார்கள். சிறுநீரில் புரதம் அளவு கடந்து போய்க்கொண்டிருந்தது. இளம் வயது, சீனி வியாதி இல்லை, பிரஷர் இல்லை. ஏன் சிறுநீரகம் பழுதானது?

“ஏதும் மருந்து குடிக்கிறீர்களா?” என்று கேட்டார்கள். இல்லை என்றாள். உண்மைதானே! முகத்துக்குப் பூசுவதை மருந்து என்று யார் நினைப்பார்? மூன்று நாளாக அதே கேள்விகள், அதே பதில்கள். நான்காம் நாள், ஒரு பெண் டொக்டர் வந்து பக்கத்தில் அமர்ந்து, “முகத்துக்கு என்ன பூசுகிறீர்கள்?” என்று கேட்டாராம். பிள்ளை பேசவில்லை. உம்மா தேத்தண்ணீர் வாங்க வெளியே போன பிறகுதான் சொன்னாள். அதன் பின் செய்த பரிசோதனையில் சிறுநீரில் பாதரசம் இருப்பது தெரிந்தது.

கிரீமை நிறுத்தி, மருந்தும் எடுத்து, மாதக் கணக்கில் கிளினிக் போய் வந்தாள். அல்ஹம்துலில்லாஹ், சுகமாகிவிட்டாள். பிந்திய கலியாணமும் நல்லபடியாக நடந்து முடிந்தது. முகத்தின் நிறம் பழையபடி அவளுடைய சொந்த நிறத்துக்கே வந்துவிட்டது.

டப்பாவுக்குள் என்ன இருக்கிறது?

நமது தோலுக்கு நிறம் கொடுப்பது மெலனின் என்ற பொருள். வெயிலின் கதிர்கள் உள்ளே போகாமல் அது ஒரு குடை போல மறைத்துக் காக்கிறது. தோலுக்குள் மெலனினை உண்டாக்குகிற வேலையை ஒரு நொதியம் செய்கிறது. பாதரச உப்புகள் அந்த நொதியத்தை வேலை செய்ய விடாமல் முடக்கிவிடும். புதிய மெலனின் உண்டாகாததால் முகம் வெளுக்கிறது. விலை மலிவு, வேலை வேகம். அதனால்தான் வியாபாரிகளுக்கு அதில் ஆசை.

ஆனால் பாதரசம் தோலோடு நிற்பதில்லை. இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் போய்த் தங்குகிறது. வடிகட்டி பழுதானால் வடிய வேண்டாதது வடியும் அல்லவா? அப்படித்தான் புரதம் சிறுநீரோடு போய்விடுகிறது, உடம்பு வீங்குகிறது. சிலருக்குக் கை நடுக்கம், தூக்கமின்மை, காரணமில்லாத எரிச்சல், மறதி எல்லாம் வரும். கர்ப்பிணிப் பெண் பூசினால் வயிற்றுப் பிள்ளைக்கும் ஆபத்து. கிரீமை நிறுத்தினால் நிறம் முன்பைவிடக் கறுப்பதும் உண்டு. அதற்குப் பயந்தே பலர் நிறுத்துவதில்லை.

இன்னொன்றையும் தாய்மார் தெரிந்துகொள்ள வேண்டும். பூசியவரோடு அது முடிந்துவிடாது. 2010இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலும் வேர்ஜினியாவிலும் மெக்சிகோவிலிருந்து வந்த கிரீம்களைப் பூசிய பெண்களின் வீடுகளைச் சுகாதார அதிகாரிகள் சோதித்தார்கள். அந்தக் கிரீமைப் பாவிக்காத வீட்டாரின் உடம்பிலும், பிள்ளைகளின் உடம்பிலும்கூடப் பாதரசம் இருந்தது. துவாய், தலையணை உறை, உம்மாவின் கை, உம்மாவின் கன்னம்: இவற்றின் வழியாகப் போனதுதான். பிள்ளை உம்மாவின் கன்னத்தோடு கன்னம் வைத்துத்தானே தூங்குகிறது!

எவ்வளவு பாதரசம் என்று கேட்பீர்கள். நீண்ட காலமாக உலகம் ஒப்புக்கொண்டிருந்த உச்ச எல்லை, ஒரு கிலோ கிரீமில் 1 மில்லிகிராம். 2019இல் பாதரசத்துக்கு எதிராக இயங்கும் தொண்டு அமைப்புகளின் கூட்டணி ஒன்று 12 நாடுகளில் 158 கிரீம்களை வாங்கிச் சோதித்தது. அவற்றில் 96 கிரீம்கள் எல்லையைத் தாண்டியிருந்தன. ஆகக் கூடியது கிலோவுக்கு 130,000 மில்லிகிராமுக்கும் மேல்! கணக்குப் போட்டுப் பாருங்கள். அப்படிப்பட்ட கிரீம் 30 கிராம் டப்பா ஒன்றில் ஏறக்குறைய 4 கிராம் பாதரசம் இருக்கும். காய்ச்சல் பார்க்கும் பழைய கண்ணாடி வெப்பமானியில் இருப்பது சுமார் ஒரு கிராம்தான். அது கீழே விழுந்து உடைந்தால் பிள்ளைகளைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுகிறோம். இதையோ கண்ணாடி முன் நின்று நாமே பூசுகிறோம்.

பாதரசம் இல்லாத கிரீம்களிலும் வேறு ஆபத்து இருக்கலாம். குளோபெட்டசோல், பெட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீரொயிட் மருந்துகளைக் கலந்து விற்பவர்கள் உண்டு. இவை கடும் தோல் நோய்களுக்கு வைத்தியர் எழுதிக் கொடுக்கும் மருந்துகள். முகத்தில் மாதக் கணக்கில் பூசினால் தோல் மெலிந்து சிவந்து, இரத்த நரம்பு வெளியே தெரியும். பரு வரும், பூனை முடி வளரும். நிறுத்தினால் முகம் நெருப்பாய் எரியும். பெயரில்லாத டப்பாவில் “நாங்களே கலந்த கிரீம்” என்று யாராவது கொடுத்தால், கலந்தது என்னவென்று கேளுங்கள்.

இது எங்கள் சாச்சி வீட்டில் மட்டும் நடந்த அதிசயம் என்று எண்ண வேண்டாம். கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில், கோட்டக்கல் வைத்தியசாலை ஒன்றின் சிறுநீரக வைத்தியர்கள் 2021 ஜூலை முதல் 2023 செப்டெம்பர் வரை ஒரு வகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு இருந்தது பாதரசத்தோடு தொடர்புடைய அரிய வகை. அந்த 15 பேரில் 13 பேர் வெளுக்கும் கிரீம் பூசியவர்கள்! நல்ல செய்தி என்னவென்றால், கிரீமை நிறுத்தியதும் பெரும்பாலானோர் குணமடைந்தார்கள். 2023இல் கேரள அரசு “ஒப்பரேஷன் சௌந்தர்யா” என்ற பெயரில் கடை கடையாகச் சோதனை நடத்தியது. பாக்கிஸ்தானிலோ 2019இல் அரசாங்கமே 59 கிரீம்களைச் சோதித்தது. 56இல் பாதரசம் எல்லை மீறியிருந்தது. “பாக்கிஸ்தான் கிரீம்”, “டுபாய் கிரீம்” என்று நமது கடைகளில் மெல்லிய குரலில் சொல்லி விற்கும்போது இந்தக் கணக்கு உங்கள் நினைவுக்கு வரட்டும்.

எல்லா அழகுக் கிரீமிலும் பாதரசம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. விளம்பரத்தோடு விற்கும் பெரிய கம்பனிகளின் கிரீம்கள் வேறு கதை. ஆனால் ஆசையை மூட்டியது அந்த விளம்பரங்கள்தான் என்பதையும் மறுக்க முடியாது. 1975இல் இந்தியாவில் பிறந்த “பெயார் அண்ட் லவ்லி” நமது வீடுகளுக்கும் வந்தது. முகம் வெளுத்ததும் வேலை கிடைக்கும், மாப்பிள்ளை கிடைக்கும் என்று கதை சொன்னது. உலகெங்கும் எழுந்த எதிர்ப்பால் 2020இல் அந்தப் பெயரிலிருந்து “பெயார்” என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். பெயர் மாறியது, நமது கூடத்தில் இருந்து பெண் பார்ப்பவர்களின் கண் மாறிவிட்டதா?

சட்டம் என்ன சொல்கிறது?

நமது நாட்டில் 1980ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் பெயரே அழகுசாதனப் பொருட்கள், சாதனங்கள், மருந்துகள் சட்டம் என்பதுதான். அதற்குப் பதிலாக 2015இல் தேசிய ஔடத ஒழுங்குபடுத்தல் அதிகார சபைச் சட்டம் வந்தது. அது மருந்துகளுக்கு நல்ல காவல். ஆனால் பழைய சட்டத்தின் பெயரில் முதலில் நின்ற அழகுசாதனம் என்ற சொல், புதிய சட்டத்தின் பெயரில் இல்லாமல் போனது. குடிக்கும் மருந்துக்கு ஒரு காவல்காரன் கிடைத்தான். முகத்துக்குப் பூசும் கிரீமுக்கு அதே அளவு காவல் கிடைக்கவில்லை.

அதற்காகக் கதவு முற்றாக மூடிவிடவில்லை. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையில் இலங்கை 2017இல் இணைந்தது. பாதரசக் கழிவால் ஊரே நோயில் விழுந்த ஜப்பானிய ஊரின் பெயர் அது. 2023இல் ஜெனீவாவில் கூடிய நாடுகள், அழகுசாதனத்தில் அந்த 1 மில்லிகிராம் சலுகைகூட வேண்டாம், பாதரசம் சேர்த்த எதையும் 2025க்குள் நிறுத்திவிட வேண்டும் என்று முடிவு செய்தன. அதே 2023இல் வெளுக்கும் கிரீம்களின் பாதரசத்தை ஒழிக்க ஐக்கிய நாடுகள் சுற்றாடல் திட்டத்தின் தலைமையில் 1 கோடி 40 இலட்சம் டொலர் செலவில் ஒரு வேலைத் திட்டம் தொடங்கியது. அதற்குத் தெரிவான மூன்று நாடுகள் காபோன், ஜமைக்கா, இலங்கை. இந்த மூன்றில் ஒன்றாக நமது நாடு எண்ணப்பட்டதே நிலைமையைச் சொல்லும்.

உள்ளூரில் நமது கைக்கு எட்டும் சட்டம், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம். பொருளைப் பற்றிப் பொய் சொல்லி விற்பது அதன்படி குற்றம். வாங்குபவர் கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை. பாதிக்கப்பட்டவர் வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு செய்யலாம். விசாரித்து, நட்டஈடு கொடுக்கவோ பொருளை மாற்றிக் கொடுக்கவோ பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ உத்தரவிடும் அதிகாரம் சபைக்கு உண்டு. 1977 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியிலும் தகவல் சொல்லலாம்.

ஆனால் சகோதரிகளே, அந்தச் சட்டத்தைப் பிடித்து நடக்க நமக்கு வேண்டியவை இரண்டு: ஒரு துண்டுக் கடதாசி, ஒரு வாய். அந்த இரண்டிலும்தான் நாம் தோற்கிறோம்.

“இதுக்கு யாரும் பில் கேக்கிறதில்ல”

சாச்சியின் மகள் வைத்தியசாலையிலிருந்து வந்த பிறகு, அந்தக் காலி டப்பாவை எடுத்துக்கொண்டு நான் அந்தக் கடைக்குப் போனேன். கடையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. இருந்தவர் மரியாதையான மனிதர்.

“இது யார் கொண்டு வந்து தருவது?” என்று கேட்டேன்.

“ஏஜெண்ட் ஒருத்தர் வருவார் ராத்தா. நல்ல சாமான். கலியாணப் பிள்ளைகள் எல்லாம் இதத்தான் எடுக்கிறாங்க.”

“டப்பாவில் கொண்டு வந்தவர் பெயர் இல்லையே? விலையில்லை, திகதியில்லை?”

“அது வெளிநாட்டுச் சாமான்தானே, அப்படித்தான் வரும்.”

“பிள்ளை மூன்று தரம் வாங்கியிருக்கிறாள். பில் கொடுக்கவில்லையா?”

அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “இதுக்கு யாரும் பில் கேக்கிறதில்ல ராத்தா.”

அவர் பொய் சொல்லவில்லை. அன்று வீடு வரும் வரை அந்த வார்த்தைதான் என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அரிசி வாங்கினால் பில் பார்க்கிறோம். மிக்சர் வாங்கினால் வரண்டிக் கடதாசியைப் பத்திரமாக அலுமாரியில் வைக்கிறோம். இந்த டப்பாவை மட்டும் ஏன் கைப்பைக்குள் அவசரமாகத் திணித்துக்கொண்டு வருகிறோம்? வெட்கம். நான் என் நிறத்தை மாற்றப் பார்க்கிறேன் என்று ஒருவருக்கும் தெரியக் கூடாது. கடைக்காரருக்கும் தெரியக் கூடாது, மாமிக்கும் தெரியக் கூடாது, வைத்தியருக்கும் தெரியக் கூடாது. பேரில்லாத டப்பாவை விற்பவனுக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறு என்ன வேண்டும்?

முறைப்பாடு எழுதுவோம் என்றபோது சாச்சி கையெடுத்துக் கும்பிடாத குறையாக மறுத்தார். “மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்கள்?” என்றார். அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். பெண்ணைப் பெற்றவர்களின் பயம் எனக்கும் தெரியும். எனவே மறுபடியும் அதே கடைக்குப் போய், என் காசில் ஒரு டப்பா வாங்கினேன். பில் கேட்டேன். “கிரீம் 1” என்று எழுதினார். கிரீமின் பெயரும் திகதியும் போடுங்கள் என்றேன். கொஞ்சம் என்னைப் பார்த்தார். பிறகு எழுதிக் கொடுத்தார். அந்தப் பில்லையும் திறக்காத டப்பாவையும் வைத்து என் பெயரிலேயே முறைப்பாடு எழுதிக் கொடுத்தேன். அதிகாரிகள் மரியாதையாக வாங்கிப் பதிந்துகொண்டார்கள். விசாரணை முடியும் முன் அதைப் பற்றி மேலும் எழுதுவது முறையாகாது.

உணவுத் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்து, மேலே காய்ந்தும் உள்ளே நனைந்தும் இருந்ததைக் கண்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்று எச்சரித்த சம்பவம் நாமெல்லாம் அறிந்ததுதான். விற்பவருக்கு அதில் எச்சரிக்கை இருக்கிறது. வாங்குபவருக்கும் ஒரு பாடம் இருக்கிறது: குவியலின் மேலே பார்த்து விட்டுவிடாமல் உள்ளே கையை விட்டுப் பார்க்க வேண்டும்.

நீங்கள் செய்யக் கூடியவை

முதலில், டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, விலை, திகதி, சேர்மானங்களின் பட்டியல் இல்லாத கிரீமைத் தொட வேண்டாம். மேர்க்குரி, மேர்க்குரிக், மேர்க்குரஸ் குளோரைட், கலோமெல், அமோனியேட்டட் மேர்க்குரி: இவையெல்லாம் பாதரசத்தின் பெயர்களே. தங்கம், வெள்ளி, அலுமினியம், நகை ஆகியவற்றில் படாமல் பூசவும் என்று எங்காவது எழுதியிருந்தால் உடனே கீழே வையுங்கள். அது பாதரசம் இருப்பதன் அடையாளமாக இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. நகைக்கு ஆகாதது கன்னத்துக்கு ஆகுமா? பட்டியலில் பாதரசம் இல்லையென்றாலும் முழுதாக நம்பிவிட வேண்டாம். எழுதாமல் கலப்பவர்களே அதிகம். சில நாட்களில் வெளுக்கும் என்ற வாக்குறுதியே ஒரு சந்தேகக் குறிதான்.

இரண்டாவது, எதை வாங்கினாலும் பில் கேளுங்கள். சத்தமாகக் கேளுங்கள். பெயரும் திகதியும் எழுதச் சொல்லுங்கள். தர மறுத்தால் அந்தச் சாமானையும் வைத்துவிட்டு வாருங்கள். மணப்பெண் அலங்காரம் செய்பவர் பூசும் டப்பாவையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

மூன்றாவது, வீட்டில் யாராவது ஏற்கெனவே பூசிக்கொண்டிருந்தால் திட்ட வேண்டாம். திட்டினால் ஒளித்துப் பூசுவார்கள். நிறுத்தச் சொல்லுங்கள். டப்பாவை நன்றாக மூடி ஒரு பைக்குள் கட்டித் தனியாக வைத்துக்கொண்டு வைத்தியரிடம் காட்டுங்கள். கர்ப்பிணியாகவோ பால் கொடுப்பவராகவோ இருந்தால் தாமதிக்க வேண்டாம். முகமோ காலோ வீங்கினால், சிறுநீர் நுரைத்தால், உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே, “முகத்துக்கு இதைப் பூசினேன்” என்று சொல்லுங்கள். ஒரு வார்த்தை மூன்று நாளை மிச்சப்படுத்தும், சிறுநீரகத்தையும் மிச்சப்படுத்தலாம்.

நான்காவது, முறைப்பாடு. ஒரு பெண் தனியாக எழுதப் பயந்தால், அவளுடைய உம்மாவோ ராத்தாவோ சாச்சியோ வாங்கி, பில் எடுத்து, எழுதலாம். பத்து வீட்டிலிருந்து பத்துக் கடிதம் போனால், அழகுசாதனத்துக்குத் தனிச் சட்டம் கேட்பவர்களின் கையும் பலப்படும். யாருமே முறையிடாத ஊரில் எல்லோரும் சுகமாக இருக்கிறார்கள் என்றுதானே கணக்கு எழுதப்படும்?

கடைசியாக, நமது நாக்கைப் பற்றி. பெண் பார்க்கப் போகும் மாமிமாரே, ராத்தாமாரே! நிறம் குறைவு என்று நீங்கள் காதோடு சொல்லிவிட்டு வரும் வார்த்தை, அடுத்த கிழமை ஒரு கடையில் டப்பாவாக மாறுகிறது. மகன் விரும்பி, குடும்பம் பொருந்தி, பிள்ளையின் குணமும் பிடித்திருந்தால், வீட்டுக்கு வரும் மருமகளின் சிறுநீரகம் உங்களுக்குப் பெரிதா, கன்னத்தின் வெளுப்புப் பெரிதா? பெண்ணைப் பெற்றவர்களே! அப்படி யாராவது சொன்னால் அந்த வார்த்தையை வாசலிலேயே விட்டுவிட்டு, மகளின் காதுக்குக் கொண்டு போகாமல் இருங்கள்.

இன்றிரவு வேலையெல்லாம் முடிந்ததும், மகளோடு அமர்ந்து அலங்கார மேசையில் உள்ள டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பாருங்கள். சண்டைக்காக வேண்டாம், சேர்ந்து படிப்பதற்காக. பெயரும் முகவரியும் இல்லாத ஒன்று கையில் அகப்பட்டால், அதை எங்கே வாங்கினாள் என்று மெதுவாகக் கேளுங்கள். அவள் தயங்காமல் பதில் சொல்லும் அளவுக்கு உங்கள் முகம் மலர்ந்திருக்கட்டும். அல்லாஹ் நம் பிள்ளைகளின் உடம்பையும் மனதையும் பாதுகாப்பானாக!